ஒரு ‘ங்க’வுக்கு ஆகும் மூச்சு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மூக்கு வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாயைத் தொண்டைவரை இறக்கி, என் குரல்நாண்களை (பேசும்போது அதிர்ந்து ஒலி எழுப்பும் இரண்டு சதை மடிப்புகள்) டாக்டரம்மா திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் அவரைச் சிரிக்கவைக்க முயன்றேன்.

வெளியே வராண்டாவில் டோக்கன் கூப்பிடும் பெண்ணின் குரலை ஒரு மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்கில் குழாயோடு அதே குரலில், “டோக்கன் முப்பத்தொண்ணு, உள்ள வாங்க” என்றேன். கதவைத் திறந்துகொண்டு முப்பத்தொன்று நிஜமாகவே உள்ளே வந்துவிட்டார். கையில் ஃபைல், தோளில் துண்டு. என்னைப் பார்த்தார், என் மூக்கைப் பார்த்தார், “அப்பறமா வாரனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நர்ஸ் சிரித்தார். டாக்டரம்மாகூட லேசாகச் சிரித்தார். அதன்பிறகு அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். தொண்டை சரியில்லாமல் டோக்கனோடு வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர் படிக்கட்டும். அவருக்குத் துணையாக வந்து செல்போனை நோண்டிக்கொண்டிருப்பவர் இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிக்கட்டும். ஏனென்றால் நான் அந்த இரண்டாவது ஆள்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வார நாட்களில் கோவை கணபதியில் ஒரு பம்ப்செட் உதிரிபாகக் கடையில் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் முகூர்த்த நாட்களிலும் மிமிக்ரி கலைஞன். ரயில்வே அறிவிப்பு, பஸ் கண்டக்டர், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ் கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும் சத்தம், இவையெல்லாம் என் சரக்கு.

குரலை எப்படி மாற்றுகிறாய் என்று எல்லோரும் கேட்பார்கள். சாமி கொடுத்தது என்று கண்ணை மூடிச் சொல்வேன். உண்மையில் அது ஃபிட்டர் வேலை. கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கினால் ஒரு கட்டி மேலே ஏறி இறங்கும், அதுதான் குரல்வளை. அதை மேலே ஏற்றிப் பிடித்தால் குழந்தைக் குரல். கீழே இறக்கினால் தாசில்தார் குரல். நாக்கைப் பின்னால் இழுத்தால் வாயில் வெற்றிலை போட்டவர். காற்றை மூக்குக்குத் திருப்பினால் என் முதலாளி.

இவையெல்லாம் வெறும் சாயல். ஆளையே கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். சிலர் சொல்லின் நடுவில் வாங்குவார்கள், சிலர் பொய் சொல்லும் முன்பு வாங்குவார்கள். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் குரல் பத்துக்கு ஆறு பொருந்தினாலே போதும், கூட்டம் கை தட்டும். இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதல் அறிகுறி பங்குனி மாதம் சூலூரில் ஒரு கல்யாண வரவேற்பில் வந்தது. ரயில்வே அறிவிப்புப் பெண்ணின் குரலில், “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கினேன். “கனிவான” என்ற இடத்தில் குரல் உடைந்து, அடுத்து வெறும் காற்றுதான் வந்தது. மைக் போய்விட்டது என்று நினைத்து ஒருவர் ஆம்பிளிஃபயரைத் தட்டினார். நானும் மைக்கைத் தட்டினேன். மூன்று வாரம் மிளகுப் பால், கற்பூரவல்லி, பனங்கற்கண்டு. பேச்சில் கரகரப்பு மட்டும் குறையவில்லை. என் மனைவி மஞ்சுளாதான் டோக்கன் போட்டாள்.

“உங்களுக்குப் பாலிப் ஒண்ணு இருக்குங்க” என்றார் டாக்டரம்மா (பாலிப் என்பது குரல்நாணில் புடைக்கும் சிறு சதைக் கொப்புளம்). “கெட்டதாத் தெரியல. ஆனா எந்தக் குரல் உங்க தொண்டையை இப்படி நசுக்குதுன்னு பாக்கணும். ஒவ்வொண்ணாப் பேசுங்க.”

மருத்துவமனையில் மேடை கிடைத்தால் விடுவேனா? ஒவ்வொன்றாகச் செய்தேன். திரையில் என் தொண்டையே வேறு வேறு ஆளாக மாறுவதை அன்றுதான் பார்த்தேன். குழந்தைக் குரலுக்குத் தொண்டை வழி குறுகியது, தாசில்தாருக்கு அகலமானது. கடைசியாக, எப்போதும் கூட்டத்தை எழுப்பி நிற்கவைக்கும் ஐட்டத்தை எடுத்தேன். மச்சான் ஏலம்.

உடனே குரல்நாண்கள் மறைந்துபோயின. அவற்றுக்கு மேலே இருக்கும் பொய்நாண்கள் (பேச்சுக்கு வேலை செய்யாத தடித்த மடிப்புகள்) இரண்டு பக்கமிருந்தும் நெருங்கி வந்து முட்டிக்கொண்டன. “இதுதான் உங்களைக் கெடுத்தது” என்றார். பிறகு, “இது யாரு? கற்பனையா?” என்று கேட்டார்.

“என்ற மச்சானுங்க டாக்டர்.”

மச்சான் என்றால் மஞ்சுளாவின் அண்ணன் நாகராசு. மேட்டுப்பாளையத்தில் ஓர் உருளைக்கிழங்கு மண்டியில் ஏலம் கூறுபவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘ங்க’ இல்லாமல் மூச்சே விடமாட்டோம் என்பது ஊரறிந்தது; மச்சான் அதிலும் ஒரு படி மேலே. ஏலத்தையே, “ஒருதரமுங்க, ரெண்டுதரமுங்க, மூணுதரமுங்க” என்றுதான் கூறுவார். வெண்கலக் குரல். மண்டிக்கு வெளியே லாரியில் தூங்கும் டிரைவர் எழுந்து விலையைச் சொல்வான். உறவில் எந்தக் கல்யாணம் என்றாலும் நான் அவர் குரலில் மாப்பிள்ளையை ஏலம் விடுவேன். “நல்ல ஊட்டிக் கெழங்குங்க, மண்ணு ஒட்டாம வளந்ததுங்க, தோலு மட்டும் கொஞ்சம் சொரசொரங்க.” கூட்டத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவர் மச்சான்தான்.

இந்தப் பரிசோதனைக்கு முந்தைய ஆடியில் அவர் குரல் கம்மியது. ஏலக்காரருக்குத் தொண்டை கட்டுவது கொத்தனாருக்குக் கை காய்ப்பது மாதிரி என்று எல்லோரும் நினைத்தோம். இருபது வருடம் பீடி குடித்து, பிறகு நிறுத்தியவர் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. எனக்கோ வேறு கவலை. ஐட்டம் பழசாகிவிடக் கூடாதே. அவர் குரல் மாற மாற நானும் புதுப்பித்துக்கொண்டே வந்தேன்.

“எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்லீங்க, ஆடிக்கு அப்பறம்தான். ஆடியில இப்படிங்க” என்று பேசிக் காட்டினேன். “தீபாவளிக்கு இப்படி. பொங்கலுக்கு இப்படிங்க. மாசியில இருந்து இப்படி.”

நான்கு குரல்களும் சரசரவென்று வந்து விழுந்தன. அவர் சிரிக்கவில்லை. குழாயை மெதுவாக வெளியே எடுத்தார்.

“மூச்சு இழுக்கும்போது ஏதாச்சும் சத்தம் வருதுங்களா அவருக்கு?”

“வருதுங்க! அதுலதானுங்க கைதட்டலே!” என்றேன். ‘ரெண்டுதரமுங்க’வுக்கும் ‘மூணுதரமுங்க’வுக்கும் நடுவில் மச்சான் காற்றை உள்ளே இழுக்கும்போது ஒரு சீழ்க்கை கேட்கும். பழைய குக்கர் மாதிரி. மாசி மாதத்திலிருந்து அதையும் சேர்த்திருந்தேன். செய்து காட்டினேன். சுத்தமாக வந்தது.

டாக்டரம்மா என் ரிப்போர்ட்டை மூடி ஓரமாக வைத்தார்.

“உங்களுது காத்திருக்கும். நாளைக்குக் காலைல அவரைக் கூட்டிட்டு வாங்க. ‘அப்பறம் பாக்கலாம்’னு அவர் சொன்னாலும் கேக்காதீங்க.”

மச்சான் அப்படியேதான் சொன்னார். “சித்திரைல கெழங்கு வரத்து சாஸ்திங்க மாப்ளைங்க, வைகாசில பாக்கலாமுங்க.” நான் வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் என் சொந்தக் குரலில் கத்தினேன். கத்தியதில் எனக்கும் குரல் போய்விட்டது. மச்சானின் மனைவி சரசக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “இதுல யாருக்குங்க தொண்டை செரியில்ல?” என்றார்.

பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை), ஸ்கேன், ஐந்து நாள் காத்திருப்பு. குரல்வளையில் புற்றுநோய். நாணில் தொடங்கி, அதைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பைத் தாண்டியிருந்தது.

டாக்டரம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை முழுவதும் எடுக்க வேண்டும், கழுத்தில் ஒரு துளை நிரந்தரமாக இருக்கும், இனி மூச்சு அதன் வழியாகத்தான், பிறகு கதிர்வீச்சு. மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஏலம் கூற முடியுங்களா?”

“பேச முடியுங்க. அதுக்கு வழி இருக்கு. கத்த முடியாது.”

“செரிங்க” என்றார் மச்சான். மண்டியில் ஏலம் கையை விட்டுப் போன வியாபாரிகள் அப்படித்தான் சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்வார்கள்.

எல்லோரும் வெளியே போனபிறகு நான் மட்டும் பின்தங்கினேன். “புரட்டாசிலயே வந்திருந்தாருன்னா?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துல வந்தா பல பேருக்குக் குரலைக் காப்பாத்திடலாம். இவருக்கு முடிஞ்சிருக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஏன் புரட்டாசி?”

“சும்மா கேட்டனுங்க” என்றேன்.

சும்மா கேட்கவில்லை. புரட்டாசியில் ஒரு நாள் பகலில் மச்சான் கடைக்கு போன் செய்தார். அவர் வேலை நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

“மாப்ளைங்க, வேலையா இருக்கறீங்களா?”

“சொல்லுங்க மச்சான்.”

“ஒண்ணுமில்லீங்க. இந்தத் தொண்டைதானுங்க. ரண்டு மாசமா ஒரு மாதிரியாவே இருக்குதுங்க. கோயமுத்தூர்ல நல்ல டாக்டருங்க யாராச்சும் தெரியுங்களா?”

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான் ஸ்பீக்கரைப் போட்டேன். பிறகு அவர் குரலிலேயே, அதே கம்மலோடு, அதே இடத்தில் மூச்சு வாங்கி, “ஒண்ணுமில்லீங்க மாப்ளைங்க, இந்தத் தொண்டைதானுங்க” என்று திருப்பிச் சொன்னேன். நான்கு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம் மச்சானும் சிரித்தார். “செரிங்க மாப்ளைங்க, வெச்சுபோடறேன்” என்றார்.

அவர் மறுபடி யாரிடமும் டாக்டரைப் பற்றிக் கேட்கவில்லை. நான் ஏழு மாதம் கைதட்டல் வாங்கினேன்.

இதைப் படிக்கிறவருக்கு நான் சொல்லக்கூடிய மருத்துவம் இவ்வளவுதான்: மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பாடுகிறவர், கத்துகிறவர், வாத்தியார், ஏலக்காரர் யாராக இருந்தாலும் காட்டுங்கள். “அவன் குரலே அப்படித்தான்” என்று வீட்டில் யாராவது சொன்னால், அவரையும் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் அதைச் சொல்லச் சொல்லுங்கள். நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் ஒரு கோமாளி நிற்பான். அவனைத் தாண்டிப் போங்கள்.

வைகாசியில் அறுவை சிகிச்சை. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது சரசக்காவின் கையைப் பிடித்திருந்த மச்சான், என்னைப் பார்த்ததும் தலையைக் கொஞ்சம் தூக்கி, “மாப்ளைங்க, சாப்ட்டுப்போட்டு வாங்க” என்றார். தன் குரல்வளையால் அவர் பேசிய கடைசி வாக்கியம் அதுதான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசை. கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டேன். ரொம்பப் பசித்தது. இரண்டாவது பிளேட்டும் வாங்கினேன்.

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும் என்பதால் மச்சானும் சரசக்காவும் எங்கள் வீட்டிலேயே தங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் என் பாலிப்பையும் எடுத்தார்கள். பத்து நாள் முழு மௌனம், கிசுகிசுக்கவும் கூடாது, கிசுகிசுப்புதான் நாணுக்கு இன்னும் கெடுதல் என்றார்கள். ஒரே வீட்டில் பேச முடியாத ஒருவர், பேசக் கூடாத ஒருவர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சிலேட்டு.

மஞ்சுளா தன் அண்ணியிடம் சமையலறையில் சொன்னது எனக்குக் கேட்டது. “கலியாணம் ஆயி இருவத்திரண்டு வருசத்துல இந்த ஊடு இத்தன நிம்மதியா இருந்ததே இல்லீங்க நங்கை.” (நங்கை என்பது எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அழைக்கும் சொல்.) சரசக்கா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அழுகையாக மாறியதும் எனக்குக் கேட்டது. பேசாமல் இருப்பவனுக்கு எல்லாமே கேட்கிறது.

மச்சான் சிலேட்டில், “மாப்ளைங்க, தண்ணி வேணுங்களா?” என்று எழுதுவார். கழுத்தில் துளை, மூக்கில் கஞ்சி இறக்கும் குழாய், தோலெல்லாம் கதிர்வீச்சில் கருத்திருக்கிறது. அவர் எனக்குத் தண்ணீர் கேட்கிறார். நான், “வேண்டாம்” என்று எழுதினேன். சாக்பீஸை வாங்கி, ‘ம்’மின் புள்ளியை அழித்து, “வேண்டாமுங்க” என்று திருத்திக் கொடுத்தார். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். குரலைப் பிடிக்கத் தெரிந்த எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை.

புகழ்பெற்ற நோய்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். குரல்வளை போனால் வேறு என்னவெல்லாம் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. மூக்கு வழியாகக் காற்று போகாததால் வாசனை போய்விட்டது. கிழங்குக் குவியலை மோந்து பார்த்தே அழுகல் எங்கே என்று சொன்னவர். வாயில் காற்று இல்லாததால் ஊத முடியாது. டீயை ஆற்ற முடியாது, தானாக ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். குளிக்கும்போது தண்ணீர் துளைக்குள் போகாமல் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் மூட்டையை மூச்சுப் பிடித்துத் தூக்க முடியாது, பிடித்துவைக்க மூச்சு கழுத்தில் நிற்பதில்லை.

புரட்டாசியில், ஆமாம் மறுபடியும் புரட்டாசி, அவருக்கு வால்வு வைத்தார்கள் (மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் வைக்கும் சிறிய ஒருவழி அடைப்பான்). கட்டைவிரலால் கழுத்துத் துளையை மூடினால் நுரையீரல் காற்று உணவுக்குழாய்க்குள் போய் அதை அதிரவைக்கும். வாய் அதைச் சொல்லாக மாற்றும். தாழ்ந்த, ஈரமான ஒரு குரல்.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவரை எண்ணச் சொன்னார். மச்சான் கட்டைவிரலை வைத்தார். “ஒருதரம். ரெண்டுதரம். மூணுதரம்.” அதற்குமேல் வாய் அசைந்தது, காற்று இல்லை. மறுபடி முயன்றார். மறுபடியும் ‘தரம்’ வரைக்கும்தான்.

“சார், அந்த ‘ங்க’வை விட்டுருங்க” என்றார் அந்தப் பெண். “இப்ப உங்களுக்கு ஒரு மூச்சுக்கு மூணு நாலு சொல்லுதான். அதை ‘ங்க’வுக்குச் செலவு பண்ணாதீங்க.”

மச்சான் அவரைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. வேட்டியை இங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னதுபோல் பார்த்தார்.

ஆனால் விட்டுவிட்டார். வேறு வழியில்லை. மண்டிக்குத் திரும்பினார், ஏலத்தை வேறொருவர் கூற, இவர் பக்கத்தில் நின்று குவியலைத் தரம் பிரித்துச் சொல்கிறார். “நல்லது.” “ஒதுக்கு.” “தூக்கு.” ஆபரேசனுக்கு அப்புறம் நாகராசு அண்ணனுக்குக் கோபம் சாஸ்தி ஆகிப்போச்சு என்று மண்டியில் பேச்சு. சரசக்கா மஞ்சுளாவிடம், “‘சோறு போடு’ங்கறாரு அம்மிணி. இருவத்தாறு வருசமா ‘சரசு, சோறு போடறயா கண்ணு’ன்னு கேட்ட மனுசன்” என்றார். பிறகு அவரே, “போடுன்னா போடறது. என்ன இப்ப” என்றார்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவர் ‘ங்க’வை விடவில்லை. நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. தங்கச்சி புருசன். நான் போய் நின்றால் கட்டைவிரலை வைத்து, “வாங்க மாப்ளை” என்பார். விரலை எடுப்பார். காற்றை இழுப்பார். மறுபடி விரலை வைத்து, தனியாக, தாமதமாக, “ங்க” என்பார். ஒவ்வொரு முறையும் அந்த ‘ங்க’ என் தலையில் குட்டு மாதிரி விழும். வேண்டாமுங்க மச்சான், எனக்குப் போய் எதுக்குங்க என்று கெஞ்சியிருக்கிறேன். தலையை ஆட்டி மறுத்துவிடுவார். அது மரியாதையா, என்னை எட்டி நிற்கவைப்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று பார்த்தால் அவனைப் பிடித்துவிடலாம் என்று சொன்னேனே. எனக்காகத்தான் அவர் அந்த இரண்டாவது மூச்சை வாங்கினார். என்னால் எதையும் பிடிக்க முடியவில்லை.

என் குரல் திரும்பிவிட்டது. ஐந்து மாதம் கழித்து மேடை ஏறினேன். ரயில்வே, கண்டக்டர், பஸ் உண்டு. பொய்நாணை முட்டவைக்கும் குரல் எதுவும் கூடாது என்பது உத்தரவு. “மச்சான் ஏலம்!” என்று பின்வரிசையிலிருந்து யாராவது கத்தினால், “ஏலம் முடிஞ்சுதுங்க” என்று கும்பிடுவேன். அதையும் நகைச்சுவை என்று நினைத்துக் கை தட்டுகிறார்கள்.

பஸ்ஸில் யாராவது கம்மிய குரலில் பேசினால் திரும்பிப் பார்த்து எத்தனை நாளாக என்று கேட்கிறேன். மூன்று பேரை மிரட்டி டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். ஒருவருக்கு வெறும் சளி. வீட்டுக்கே வந்து திட்டிவிட்டுப் போனார். மாதங்களின் கணக்கும் மாறிவிட்டது. மற்றவர்களுக்கு ஆடி என்றால் காற்று, ஐப்பசி என்றால் பட்டாசு. எனக்கு ஆடி, ஐப்பசி, தை, மாசி என்பவை தொண்டைக்குள் நான்கு இடங்கள். எச்சில் விழுங்கும்போது அந்த நான்கையும் தாண்டித்தான் போகிறது.

கார்த்திகையில் ஒரு காலை, முகம் கழுவிக்கொண்டிருந்தேன். குரல்வளை கொஞ்சம் மேலே, நாக்கு முன்னால், கதவைத் திறந்ததுபோல் தொண்டை. எந்த அழுத்தமும் இல்லாமல் வாயிலிருந்து, “ஒருதரமுங்க” என்று வந்தது. நோய்க்கு முந்தைய மச்சான். அந்த வெண்கலம்.

சமையலறையிலிருந்து, “அண்ணா, எப்ப வந்தீங்க?” என்று மஞ்சுளா ஈரக்கையோடு ஓடி வந்தாள். குளியலறை வாசலில் என்னை மட்டும் பார்த்தாள். முகத்தில் சோப்போடு நின்றேன். அவள் கையிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணங்கிட்டக் கேக்காம இனிமே இதைச் செய்யாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று முழுவதும் செல்போனில் தேடினேன். கல்யாண வீடியோக்கள் பதினெட்டு இருந்தன. எல்லாவற்றிலும் மச்சான் இருக்கிறார். எல்லாவற்றிலும் சிரிக்கிறார். பேசுவது நான். அவர் குரல் ஒன்றில்கூட இல்லை. சரசக்காவிடமும் இல்லை, மண்டியிலும் இல்லை. அந்தக் குரல் மிச்சமிருந்த ஒரே இடம் அதைக் கேலிசெய்த தொண்டை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, முன்னறையில் நானும் மச்சானும் மட்டும். சரசக்கா இரண்டு டம்ளர் டீ வைத்துவிட்டுப் போனார். நான் என் டீயை ஊதி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாதியில்தான் உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர் தன் டீ ஆறுவதற்காகக் காத்திருந்தார்.

“மச்சான், புரட்டாசில ஒருநா கடைக்கு போன் பண்ணுனீங்க. டாக்டர் கேட்டீங்க.”

நினைவிருக்கிறது என்று தலையசைத்தார். யோசிக்கவே இல்லை. உடனே அசைத்தார்.

“ஸ்பீக்கர்ல போட்டிருந்தனுங்க. நாலு பேரு சிரிச்சாங்க.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பு நீளமானது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் நான்கு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் ஒரு சொல்லும் வரவில்லை. குரல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“உங்க பழைய குரல் எங்கிட்ட இருக்குதுங்க. கெடறதுக்கு முன்னால இருந்தது. அக்காளுக்கோ மஞ்சுளாவுக்கோ கேக்கோணும்ன்னு இருந்தா பேசறனுங்க. இல்ல நீங்களே கேக்கறதுன்னாலும் செரிங்க. வேண்டாம்ன்னு சொன்னீங்கன்னா இன்னையோட மறந்துபோடறனுங்க. உங்க பொருளுங்க அது.”

மச்சான் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். ஆறியிருந்தது. நிதானமாக முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்தார், கைக்குட்டையை மடித்துக் கழுத்துத் துளையைச் சுற்றித் துடைத்தார். என்னை நேராகப் பார்த்து, கட்டைவிரலை வைத்தார். ஒரே ஒரு மூச்சுதான் எடுத்தார்.

“அதை நீயே வெச்சுக்க.”